ஒரு ஃபேனுக்காக ஏழு தேசம்

அந்த மனுவை எழுதியவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், பீங்கான் தொழில் உயர்வு வாரியத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸோடு மனுவும் எழுதித் தருவேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வந்தவர் சொல்வதை அப்படியே எழுத மாட்டேன், இரண்டு வரி அலங்காரம் சேர்ப்பேன். வெறுமனே ‘ரோடு போடுங்க’ என்று எழுதினால் எந்த அதிகாரி படிப்பான் சொல்லுங்கள்? என் மனுக்களுக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது.

2005ஆம் வருஷம் ஆடி மாதம் பக்கிரியும் அவன் மனைவி வீராயியும் கடைக்கு வந்தார்கள். பக்கிரிக்கு ஒரு பீங்கான் கம்பெனியின் அரவைக் கொட்டகையில் வேலை. வெள்ளைக்கல்லை மாவாக அரைத்துச் சலிக்கிற இடம் அது. அந்த மாவில்தான் ஃபியூஸ் கட்டை செய்கிறார்கள். உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறதே, அதேதான். சாயங்காலம் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறவனுக்குப் புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெளுத்திருக்கும். பக்கிரியோடு ஒரே சல்லடையில் நின்ற காத்தவராயன் அந்தச் சித்திரையில்தான் இருமி இருமிச் செத்துப்போயிருந்தான். நாற்பத்தொரு வயசு. அதற்குப் பிறகு பக்கிரியும் இருமத் தொடங்கினான்.

வீராயிக்கு அதே கம்பெனியில் வேப்பமரத்தடியில் வேலை. ஈரக் கட்டைகளின் ஓரத்தைப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். அங்கே தூசி கிடையாது. மனு போடலாம் என்ற யோசனை அவளுடையது. பக்கிரி வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“எழுதுங்கண்ணே. கொட்டாயில தூசிய வெளிய இழுத்துத் தள்ற ஃபேனு ஒண்ணு மாட்டணும். அது முடியலன்னா, மாவு மேல தண்ணியாச்சும் தெளிக்கச் சொல்லுங்க. வாசல் கூட்டறதுக்கு முன்ன தண்ணி தெளிக்கிறமே, அது எதுக்கு? மண்ணு பறக்கக் கூடாதுன்னுதான? இதுகூடத் தெரியல அந்த மேஸ்திரிக்கு.”

“மேஸ்திரி காதுல வுழுந்துடப் போவுது” என்றான் பக்கிரி.

“வுழட்டும். அவரு காதுலயும் மாவு அடைச்சிருக்குது, நல்லாக் கேக்காது.”

அவ்வளவுதான் அவர்களுடைய கோரிக்கை. ஃபேன், தண்ணீர் இரண்டையும் எழுதிவிட்டு மேலே நான் என்ன சேர்த்தேன் தெரியுமா? ‘மேலை நாடுகளில் உள்ளது போன்று நவீன முறையில் தூசி அகற்றும் வசதி செய்து தந்து ஏழைத் தொழிலாளியின் வாழ்வில் ஒளியேற்றுமாறு’ என்று எழுதினேன். மேலை நாடுகளைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. படித்துக் காட்டியபோது, “நல்லா கணீர்னு இருக்குதுண்ணே” என்று சந்தோஷப்பட்டாள் அந்தப் பாவி மகள்.

பிறகு இன்னொரு தாள் எடுக்கச் சொன்னாள். கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுத வேண்டுமாம்.

எங்கள் பக்கத்தில் சாமிக்கும் எழுத்தில்தான் குறை சொல்வோம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராதை வைத்து, முனியப்பர் முன்னால் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வந்தால் தொண்ணூறு நாளில் விசாரித்துத் தீர்த்துவைப்பார் என்பது நம்பிக்கை. நம் வீடு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துச் சாமிக்குப் பயணப்படியும் கட்டுவோம். படி வாங்கினாலும் சொன்ன ஊருக்கு மட்டும் போய்விட்டுத் திரும்புகிற சாமி. காரியம் முடிந்ததும் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

“எங்க வூட்டுக்காரருக்கு இருமல் நிக்கணும். அதான்” என்றாள். நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசிப்பதைப் பார்த்து, “இதுல ஒண்ணும் சேக்காதீங்க. சாமிக்கு நேராச் சொன்னாத்தான் புரியும்” என்றாள். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

இருபது நாள் கழித்து வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. பக்கிரிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் என்பதால் படித்துச் சொல்ல நானும் கூடப் போனேன். செயலாளர் கோதண்டபாணியும் தொழில்நுட்ப அலுவலர் ராஜ்மோகனும் உட்கார்ந்திருந்தார்கள். கிளார்க் வாசுகி குறிப்பெடுத்தாள்.

“மனுவப் படிச்சு அப்படியே ஆடிப்போயிட்டேன் பக்கிரி” என்றார் செயலாளர். “‘மேலை நாடுகளில் உள்ளது போன்று.’ அடேயப்பா! மேலை நாட்டுல எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியுமா? தெரியாது. ராஜ்மோகனுக்கும் தெரியாது. தெரியாம ஒரு ஃபேன மாட்டிட்டா, நாளைக்கு எவனாவது வந்து இது மேலை நாட்டுல உள்ளது மாதிரிதான் இருக்குதான்னு கேட்டா, நான் மொகத்த எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?”

“சார், கடைவீதியிலயே ஃபேனு இருக்குது சார்” என்றான் பக்கிரி.

“இருக்கும்பா. மனுவுல கடைவீதின்னு இல்லியே.”

நான் எழுந்து நின்று, அந்த வரி நான் சேர்த்தது, அடித்துவிடலாம் என்றேன். செயலாளர் என்னைப் பார்த்து மிகவும் வருத்தப்பட்டார். பதிவான மனுவில் ஒரு வரியை அடித்தால் மனுவே செல்லாது, முதலிலிருந்து வர வேண்டும், அதற்கு ஒரு வருஷம் ஆகும் என்றார். ஆகவே ஜெர்மனிக்கு ஓர் ஆய்வுப் பயணம் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஃபேன் மாட்டுவது என்று முடிவானது. எட்டுப் பேர் குழுவில் மனுதாரரும் ஒருவர். அவர் எல்லாக் கூட்டத்துக்கும் வர வேண்டும், வராவிட்டால் ‘மனுதாரருக்கு அக்கறை இல்லை’ என்று ஃபைலை மூடிவிடுவார்கள்.

இங்கேதான் சிக்கல். அரவைக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. அரவை நடுவில் நிற்கக் கூடாது. யாருக்காவது வர முடியாவிட்டால் வீட்டிலிருந்து பதில் ஆள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் மறுநாளிலிருந்து அந்தச் சல்லடை வேறொருவனுக்கு. மேஸ்திரி பாண்டியன் இந்த ஒரு விஷயத்தில் பெற்ற தாய்க்கும் சலுகை தர மாட்டார். பக்கிரி வீட்டில் பதில் ஆள் என்றால் வீராயிதான். குழந்தை குட்டி கிடையாது.

“வேணாம்ணே, வுட்டுடலாம்” என்றான் பக்கிரி என் கடையில் உட்கார்ந்து. “இவ கொட்டாயில நிக்கறது எனக்கு மனசுக்கு ஒப்பல.”

“நாலு கூட்டம் நடக்கும். அஞ்சாவதுல ஃபேன் வந்துடும். போய்யா” என்றேன். அப்படிச் சொன்ன நாக்கு இது.

வீராயி சிரித்தாள். “மெட்ராஸு பொம்பளைங்கள்ளாம் காசு குடுத்துப் பவுடரு பூசிக்கிறாங்க. எனக்குச் சும்மாக் கெடைக்குது. நாலு நாளு நின்னா நானும் செவப்பாயிட்டுப் போறேன், நீ போய்யா.”

நாலு கூட்டத்தில் ஜெர்மனியைக்கூடத் தாண்டவில்லை. ஒரே விசாவில் பல தேசங்களுக்குப் போகலாம் என்று ராஜ்மோகன் கண்டுபிடித்துவிட்டார். ஒரே விசாவில் பல தேசம் கிடைக்கும்போது ஒரு தேசத்தோடு நிறுத்துவது அரசாங்கத்தை ஏமாற்றுவது என்று செயலாளர் கருதினார். ஹாலந்து சேர்ந்தது, ஏனென்றால் அங்கே காற்றாலைகள் உண்டாம், காற்றாலை என்பது ஃபேனுக்குப் பெரியப்பா முறையாம். இத்தாலியில் தெருவெல்லாம் தண்ணீராக ஓர் ஊர் இருக்கிறதாம், மனுவில் தண்ணீர் தெளிப்பது பற்றி ஒரு வரி இருப்பதால் அதையும் விட முடியவில்லை. பிறகு ஆஸ்திரியா, செக் நாடு. பாரீஸுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பாரீஸைப் பார்க்காமல் ஐரோப்பாவிலிருந்து திரும்பினால் சொந்தக்காரர்கள் காறித் துப்புவார்கள் என்று ராஜ்மோகனே மனம் திறந்து சொன்னார்.

சுவிட்சர்லாந்து வந்தபோது பக்கிரி துணிந்து கையைத் தூக்கினான். “அங்க பீங்கான் செய்யிறாங்களா சார்?”

“அங்கதாம்பா தூசியே இல்லாத காத்து இருக்குது” என்றார் செயலாளர். “தூசி இல்லாத காத்த ஒரு தடவையாவது மூச்சு இழுத்துப் பாத்தாத்தான், தூசின்னா என்னன்னு ஒரு அதிகாரிக்கு வெளங்கும்.”

“அதுக்கு ஒரு தடவ கொட்டாயிக்கு வந்து பாருங்களேன் சார். பக்கத்துலதான் இருக்குது.”

“அய்யய்யோ, எனக்கு டஸ்ட் ஆவாதுப்பா. டாக்டரு ஸ்ட்ரிக்டாச் சொல்லியிருக்காரு.”

வாசுகி குறிப்பில் அதையும் எழுதினாள். என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது பார்த்தேன்.

எந்தக் காலத்தில் போவது என்பதற்கு மட்டும் ஆறு கூட்டம் நடந்தது. கோடை வேண்டாம், அங்கேயும் வெயில் என்றால் இங்கேயே இருக்கலாமே. குளிர்காலத்தில் பனி, செயலாளருக்கு முட்டி வலி. வசந்த காலம் மார்ச் மாதத்தில் வருவதால் கணக்கு முடிக்கிற நேரம். கடைசியில் ராஜ்மோகன் ஒரு காலண்டரை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். அக்டோபர் மாதத்துப் படத்தில் ஒரு சாலை முழுக்க மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. கீழேயும் இலை கொட்டிக் கிடந்தது. எல்லாரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

“அங்க எல ஒதிருது” என்றார் செயலாளர் மெல்லிய குரலில். “ஒதிர்றத எப்படி அள்றாங்கன்னு பாக்கணும். ஒதிர்றதுன்னா என்ன? அதுவும் ஒரு தூசிதான!”

அதோடு அக்டோபர் நம் ஐப்பசி. ஐப்பசி மழையில் அச்சு காயாது, சூளை மந்தமாக எரியும், தொழிலுக்கு நஷ்டமில்லை. இலையுதிர் காலம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதற்குள் அந்த வருஷத்து இலையெல்லாம் அங்கே உதிர்ந்து முடிந்துவிட்டதால் அடுத்த வருஷம் என்று முடிவானது.

போவதற்கு முன்னால் இங்கே எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளந்து வைக்க வேண்டுமே. அந்தக் கார்த்திகையில் அடைமழை. மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடியது, அதைப் பார்க்கவே கூட்டம். கொட்டகை ஒழுகி, மாவு நனைந்து களியாகக் கிடந்தது. ராஜ்மோகன் குடையோடு வந்து ஒரு தட்டை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, ‘தூசி இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

நான் வயிற்றெரிச்சலோடு கேட்டேன்: “தூசி இல்லன்னா அப்பறம் டூரு எதுக்கு சார்?”

செயலாளர் சற்றும் கலங்கவில்லை. “தூசி இல்லாததால ஃபேனு அவசரமில்ல. ஆனா தூசி ஏன் இல்லன்னு கண்டுபிடிக்கணுமில்ல? டூருதான் இப்ப ரொம்ப அவசரம்.”

2006 தை மாதம் பயிற்சி வகுப்பு தொடங்கியது. ஞாயிறு தவிர தினமும். கூட்ட அறையில் நாற்காலிகளை மூன்று மூன்றாகப் போட்டு நடுவே வழிவிட்டு, அது விமானம் என்றார்கள். பழைய அரவை இயந்திரத்தின் பெல்ட்டை வெட்டி இடுப்பில் கட்டினார்கள். முள் கரண்டியால் இட்லி சாப்பிடப் பழக்கினார்கள். பக்கிரி மூன்று இட்லியைத் தரையில் போட்டான், நான்காவதைப் பையில் போட்டு வீராயிக்கு எடுத்துப் போனான்.

குளிருக்குப் பழக வேண்டும் என்று மாதிரிக்கு ஒரே ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி, பதிவேட்டில் பக்கிரி பெயரில் ஏற்றி அவனிடம் கொடுத்தார்கள். அக்னி நட்சத்திரத்தில், பன்னிரண்டு மணி வெயிலில், பழமலைநாதர் கோயில் கோபுரத்து நிழல்கூட ஓரடிக்குச் சுருங்கியிருக்கிற நேரத்தில், அவன் அதைப் போட்டுக்கொண்டு வாரியத்து வாசலில் பத்துச் சுற்று நடந்தான். ரோட்டில் போன பஸ்ஸே நின்று பார்த்தது. கோட்டில் ஒரு பொத்தான் அறுந்து விழுந்தபோது வீராயி சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தாள். வீட்டில் வேறு நூல் இல்லை.

அந்த நாட்களிலெல்லாம் அவனுக்குப் பதிலாக அவள் கொட்டகையில் நின்றாள்.

ஒரு வருஷம் ஆயிற்று. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வீராயி தலை குளித்துப் பூ வைத்து என் கடைக்கு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“கொளஞ்சியப்பரு கேட்டுட்டாருண்ணே. எங்க வூட்டுக்காரருக்கு இருமல் நின்னே போச்சு. ரெண்டு மாசமா ஒரு இருமல் இல்ல. பிராத வாங்கிட்டு வரப் போறேன்.”

“தொண்ணூறு நாள்னு சொல்லுவாங்களே, ஒரு வருஷம் ஆயிடுச்சே!”

“சாமிக்கு என்னா நம்ம ஒரு வூடுதானா? எத்தினி ஊரு அலையணும்” என்று சாமிக்குப் பரிந்து பேசினாள். பேசிவிட்டு இருமினாள். ஒரே ஒரு தடவைதான். நான் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கையிலிருந்த ஜெராக்ஸைத் தொடர்ந்தேன். பக்கிரியின் இருமல் ஏன் நின்றது, அவன் வருஷம் முழுக்க எங்கே உட்கார்ந்திருந்தான், கொட்டகையில் யார் நின்றது என்று கூட்டிப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான்.

அந்த வருஷத்து இலையுதிர் காலமும் போயிற்று. பாஸ்போர்ட்டில் பக்கிரியின் அப்பா பெயர் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் இருந்தது. அடுத்த வருஷம், முதலில் எந்த நாட்டில் இறங்குவது என்பதில் செயலாளருக்கும் ராஜ்மோகனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. செயலாளர் வீட்டு ஜோசியர் மேற்கே போகிறவர்கள் முதலில் வடக்கே இறங்கக் கூடாது என்றாராம். பயணத் திட்டத்தை மட்டும் நாற்பது தடவையாவது மாற்றினார்கள். நாற்பதையும் நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன், அதில் ஒரு புது மெஷினே வாங்கினேன். கொட்டகையில் வீராயி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருமலை அவள் பக்கிரிக்குக் காட்டவே இல்லை. அவன் வருகிற சத்தம் கேட்டால் தண்ணீர் குடித்து அடக்கிக்கொள்வாளாம். பக்கத்து வீட்டுப் பெண் பிற்பாடு சொன்னாள்.

2008 மாசி மகத்துக்குத் தேர் பார்க்கப் போனவள் கூட்டத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். “மாவு நெஞ்சுல போயி உக்காந்துடுச்சுப்பா. உள்ள போனது இனிமே வெளிய வராது. எத்தினி வருஷமா இந்த வேல பாக்குறாங்க?” என்று கேட்டார்.

“அவ பாக்கலீங்க. எனக்குப் பதிலா நின்னா” என்றான் பக்கிரி.

மறுநாள் அவன் என்னை அழைத்துக்கொண்டு நேராகச் செயலாளர் அறைக்குப் போனான். முதல் தடவையாக நாற்காலியில் தானே உட்கார்ந்தான். “சார், டூரு வேணாம் சார். நான் எங்கியும் வரல. ஃபேனு மட்டும் மாட்டுங்க. அவளுக்கு இல்லன்னாலும் கொட்டாயில இன்னும் பன்னண்டு பேரு இருக்குறாங்க.”

செயலாளர் கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார், அதுதான் என்னால் தாங்க முடியாதது. “பக்கிரி, ஒன் கஷ்டம் எனக்குப் புரியுது. அதனாலதான் சொல்றேன், இப்பப்போயி அவசரப்படாத. விசா மட்டுந்தான் பாக்கி. இத்தினி நாளு அந்தப் பொண்ணு நின்னது வீணாப் போவலாமா? அதுக்குச் செய்யிற மரியாதையாவாச்சும் நாம எல்லாரும் போயிட்டு வந்துடணும்.”

வீராயியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். “நின்னது நின்னாச்சு. இப்ப வுட்டா அம்மாம் மாவும் தண்டம். போய்யா, போயி ஃபேனக் கொண்டா.” பேசி முடிக்க நெடுநேரம் பிடித்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினாள்.

ஆனி, ஆடியில் அவளுக்குத் தினமும் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. போர்வை போதவில்லை. பக்கிரி அந்தக் கம்பளிக் கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டான். ஐரோப்பாவுக்கென்று வாங்கியதில் அந்த ஒரு பொருள்தான் ஒரு மனுஷிக்கு உதவியது. நான் பார்க்கப் போனபோது கோட்டுக்குள் சின்னப் பிள்ளையாகச் சுருண்டிருந்தாள். “எப்படிண்ணே, தொரசாணி மாதிரி இருக்கனா?” என்று கேட்டாள். இருக்கிறாய் என்றேன். வேறென்ன சொல்வது? ஆவணி பிறந்து ஒன்பதாம் நாள், அந்தக் கோட்டோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிவதற்குள் வாரியத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. புரட்டாசியில் சென்னையில் விசா நேர்காணல். சாவு விழுந்த வீட்டில் ஒரு மாதம் பதில் ஆள் கேட்பதில்லை என்பதால் கொட்டகையில் தடையில்லை. பக்கிரி போக மாட்டான் என்று நினைத்தேன், போனான். அவள் போகச் சொன்னாளாம். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அம்மா தமிழில் கேட்டிருக்கிறார்கள்: “நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்? ஊர்ல உங்களுக்கு யாரு இருக்காங்க?”

விசா பாரத்தில் மனைவி என்று என் கையால் எழுதியிருந்தேன். அவள் இருந்தபோது எழுதியது.

“யாரும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டான் பக்கிரி.

விசா இல்லை என்றார்கள். திரும்பி வந்ததும் செயலாளர் எகிறினார். “ஏன்யா, பேப்பர்ல பொண்டாட்டி உயிரோடதான இருந்தா? நீயா எதுக்குப் போயி சொல்ற? மூணு வருஷத்துத் திட்டம்! நல்லவேள, மத்த ஏழு பேருக்கும் கெடைச்சுடுச்சு. குழுவுல எல்லாருக்கும் திரும்பி வரக் குடும்பம் இருக்குது.”

குழு கிளம்புவதற்கு முதல் வாரம் வாசுகி அவன் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் எடுத்துப் போனாள். மனுதாரர் பயணம் செய்யாததால் அவர் பெயரில் உள்ள கம்பளிக் கோட்டு ஒன்றை மூன்று நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். “நான் அனுப்பலண்ணே, அது தானா வந்துடுது” என்று அவள் அழுதாளாம். பக்கிரி கோட்டைத் துவைக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தான். மூன்றாம் நாள் துவைத்துக் காயவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். வாசுகி பதிவேட்டில் ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் குழு ஏழு தேசத்துக்கும் போய்விட்டு வந்தது. தை மாதம் அறிக்கை தயார். இருநூற்றுப் பதினான்கு பக்கம், வண்ணப் படங்களுடன். கொட்டகை பொங்கலுக்கு மூடியிருந்தபோது மனுதாரரை அழைத்தார்கள். நானும் போனேன், படித்துச் சொல்ல.

நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் கண்டுபிடிப்பு இருந்தது. நான் சத்தமாகப் படித்தேன்: “ஜெர்மனி நாட்டில் மாவு அரைக்கும் இடங்களில் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் தெளித்தால் மாவு பறப்பதில்லை.”

பக்கிரி தலையைத் தூக்கினான். “இத வீராயி அன்னிக்கே சொன்னா சார்.”

“பாத்தியா!” என்று மேஜையைத் தட்டினார் செயலாளர். “ஒன் பொண்டாட்டி சொன்னத ஐரோப்பாவே ஒத்துக்கிச்சு. இதவிட ஒரு பெரும வேணுமா ஒனக்கு?”

“ஃபேனு சார்?”

“அது அடுத்த கட்டம். குளிர்காலத்துல அங்க ஃபேனு எப்படி ஓடுதுன்னு நாங்க பாக்கலியே. ஆனா ஒன் மனு முடிஞ்சுது. மேலை நாட்டுல உள்ளது போன்றுன்னு கேட்டிருந்த. மேலை நாட்டுல என்ன உள்ளதுன்னு தெரிஞ்சுகிட்டாச்சு. இதுல ‘திருப்தி’ன்னு போட்டு ஒரு கையெழுத்துப் போடு.”

பக்கிரி அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துப் படங்களைப் புரட்டினான். ஒரு படத்தில் நின்றுவிட்டான். காலண்டரில் பார்த்த அதே மாதிரி மஞ்சள் மரங்கள், கீழே இலைக் குவியல், நடுவில் செயலாளர் சிரித்தபடி நிற்கிறார். அவர் போட்டிருந்த கோட்டில் மூன்றாவது பொத்தான் சிவப்பு நூலால் தைத்திருந்தது. பக்கிரி அந்தப் பொத்தான் மேல் விரலை வைத்தான். என்னைப் பார்த்தான். பிறகு அவன் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். வீராயி போன பிறகு அவன் விடாமல் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தான். பழைய இருமல் திரும்ப வந்திருந்தது. இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“அண்ணே, இன்னொரு மனு எழுதுங்க. ஃபேனு வேணும்னு.”

தாளை எடுத்தேன்.

“மேலை நாடு கீழை நாடு எதுவும் வேணாம். கடைவீதியில விக்கிற ஃபேனு போதும். அப்பறம், கூட்டத்துக்கு என்னியக் கூப்புட வேணாம்னு ஒரு வரி எழுதிடுங்க.” மறுபடியும் இருமினான். “எனக்குப் பதிலா நிக்க இப்ப ஆளு இல்ல.”

அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.